பழைய காஸ் நிலத்தில் அத்திவாரம் தோண்டுமுன்

புறக்கோட்டையில் காஸ் வேர்க்ஸ் வீதி என்ற பெயர் இன்னும் இருக்கிறது. கொழும்பின் தெருவிளக்குகள் ஒரு காலத்தில் நிலக்கரியிலிருந்து எடுத்த காஸில்தான் எரிந்தன. இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லாததால் கரி முழுவதும் கப்பலில் வந்தது. அந்த விளக்குகள் இன்று இல்லை. ஆனால் இந்தத் தொழில் நடந்த நிலம் எந்த ஊரில் இருந்தாலும், கட்டடத்தை இடித்த பிறகும் கழிவு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். பழைய தொழிற்சாலை, களஞ்சிய நிலங்களில் அடுக்குமாடிகள் எழும்பும் இந்த நகரத்தில் பைலிங் (அத்திவாரத் தூண் இறக்க ஆழத் துளையிடுதல்) செய்பவர்களும் சைட் பொறியியலாளர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். மண்வெட்டி பிடிக்கும் தொழிலாளிக்கு இது இன்னும் அவசியம். முதலில் நஞ்சு படுவது அவருடைய தோலில்தான்.

காஸ் எடுத்த முறை தெரிந்தால் எங்கே எதைத் தேடுவது என்பது தானாக விளங்கும். காற்றுப் புகாத குழல் உலைகளில் நிலக்கரியை நிரப்பிச் சுமார் 1000 பாகை செல்சியஸ் வரை மணிக்கணக்கில் சூடாக்குவார்கள். ஒரு தொன் கரியிலிருந்து ஏறத்தாழ 300 கனமீற்றர் காஸ், 700 கிலோ கற்கரி (கோக்), 45 லீற்றர் தார், அதோடு அமோனியா கலந்த நீர் கிடைக்கும். காஸில் பாதியளவு ஹைட்ரஜன், மூன்றில் ஒரு பங்கு மீதேன். மீதியில் காபன் மொனொக்சைட்டும் உண்டு. குழாய் கசிந்த வீடுகளில் ஆட்கள் இறந்ததற்கு அதுவே காரணம். உலையிலிருந்து வரும் காஸைக் குளிர்வித்தால் தார் பிரியும். நீரில் கழுவினால் அமோனியா போகும். கடைசியில் இரும்பு ஒக்சைட்டுத் தட்டுகளின் ஊடாகச் செலுத்தினால் கந்தகமும் சயனைட்டும் அதில் பிடிபடும். சுத்தமான காஸ் நீர் நிரப்பிய குழிக்குள் ஏறி இறங்கும் பெரிய இரும்புத் தொட்டியில் சேரும்.

இதில் மூன்று இடங்கள் ஆபத்தானவை. முதலாவது தார்க்கிணறு. நிலத்தடித் தொட்டியாகக் கட்டியிருப்பார்கள். காலப்போக்கில் அதில் வெடிப்பு விழுந்து கசியும். தார் நீரைவிடக் கனமானது என்பதால் நிலத்தடி நீரின் மேல் மிதக்காது, களிமண் படை தடுக்கும் வரை கீழே இறங்கும். பைலிங் துளை அந்தப் படையைக் குத்தித் திறந்தால் நூறு வருடம் ஓரிடத்தில் கிடந்த தாருக்குப் பாறை வரை வழி கிடைத்துவிடும். கட்டடம் கட்ட வந்தவர்களே மாசைப் பரப்பிவிடுவது இப்படித்தான்.

இரண்டாவது சுத்திகரிப்புக் கொட்டகை. பயன்படுத்தி முடித்த இரும்பு ஒக்சைட்டை அங்கேயே குவித்துவிடுவார்கள், பள்ளம் நிரப்பவும் பாவிப்பார்கள். மண் நீலமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்பும் சயனைட்டும் சேர்ந்த நிறமி. உலர்ந்து கிடக்கும்வரை ஓரளவு நிலையானது. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைட்டு வாயு வெளிவரலாம், ஆகவே அந்த மண்மேல் எந்த அமிலமும் ஊற்றக்கூடாது. அதிலுள்ள கந்தகம் காற்றும் ஈரமும் பட்டுச் சல்பூரிக்கமிலமாகிக் கொங்கிறீற்றை அரிக்கும். அத்திவாரத்துக்குச் சல்பேற்று தாங்கும் சிமெந்து தேவையா என்பதை மண்ணின் பிஎச், சல்பேற்று அளவுகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது காஸ் தொட்டி இருந்த வட்டக்குழி. தொட்டியைக் கழற்றிய பிறகு இடிபாடு, தார்ச் சேறு எல்லாவற்றையும் அதற்குள் கொட்டி மூடிவிடுவது வழக்கம். மேலே பார்த்தால் சாதாரண முற்றம். பெக்கோ இறங்கினால் அமிழும்.

தோண்டுவதற்கு முன் பழைய நில அளவைப் படங்களைப் பாருங்கள். வட்ட வடிவக் கட்டடம் தெரிந்தால் அதை விசாரிக்காமல் விடாதீர்கள். அதன் பிறகு துளைத்து மாதிரி எடுக்கலாம். கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, இறுக மூடி, 4 பாகை குளிரில் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக்கில் எடுத்தால் பென்சீன் போன்றவை போத்தலின் சுவருக்குள் ஊறிவிடும், முடிவு குறைவாகக் காட்டும். பல்வளைய ஹைட்ரோகாபன், பென்சீன், பீனோல், மொத்தச் சயனைட்டு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக 'மண் பரிசோதனை' என்று கேட்டால் மண்ணின் தாங்குதிறன் மட்டுமே வரும்.

வேலை நடக்கும்போது அந்துருண்டை வாடையோ தார் வாடையோ வந்தால் உடனே நிறுத்தி ஆட்களை மேலே ஏற்றுங்கள். மண்ணை அள்ளி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கும் பழக்கம் கூடாது. அழுகிய முட்டை வாடை திடீரென மறைந்தால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் சல்பைட்டு கூடும்போது மூக்கே மரத்துப்போகும். நான்கு வாயு (ஒக்சிசன், எரியும் வாயு, காபன் மொனொக்சைட், ஹைட்ரஜன் சல்பைட்டு) அளக்கும் கருவி இல்லாமல் குழிக்குள் யாரும் இறங்கக்கூடாது. ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதுதான் இரண்டாவது மரணத்துக்குக் காரணம். குழிக்குள் காற்றைச் செலுத்துங்கள், அம்புலன்ஸுக்கு 1990 ஐ அழையுங்கள்.

தார் பட்ட தோலில் கொழும்பு வெயில் பட்டால் தீக்காயம் போலச் சிவந்து எரியும். தாரைக் கழுவச் சவர்க்காரமும் நீரும் போதும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் தார் இன்னும் உள்ளே இறங்கும். கையுறையை நைட்ரைல் ரப்பரில் வாங்குங்கள், வேலை உடுப்பை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நிலக்கரித் தார் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானது.

வெளியேற்றும் மண்ணை டிப்பரில் ஏற்றி யாரோ ஒருவருடைய சதுப்பு நிலம் நிரப்பக் கொடுப்பது பெரிய குற்றம். அந்தப் பக்கத்துக் கிணறுகள் கெடும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற அபாயகரமான கழிவு ஏற்றிகளிடமே ஒப்படைக்க வேண்டும். ஏற்றும்வரை தடித்த பொலித்தீன் விரித்து, மேலேயும் மூடி, மழைநீர் ஓடாமல் சுற்றிலும் வரம்பு கட்டி வையுங்கள்.

கட்டடம் எழும்பும்போது அதிகம் மறந்துவிடுவது நீர்க்குழாய். சாதாரணப் பொலித்தீன் குழாயின் சுவரை ஊடுருவிப் பீனோல் உள்ளே போகும். குளோரினோடு சேர்ந்தால் மிகச் சிறு அளவிலேயே மருந்து வாடை அடிக்கும். மாசு உள்ள நிலத்தில் உலோகத் தடுப்புப் படை கொண்ட குழாய் போட்டு, அகழியைச் சுத்தமான மணலால் நிரப்புங்கள். குடியிருப்போர் மருந்து வாடை என்று முறையிட்டால் மேல்தொட்டியைக் கழுவுவதோடு நிறுத்தாமல், நிலத்தடிக் குழாயைச் சுற்றியுள்ள மண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.