காணொலியை ஏற்றிவிட்டால் பாடம் முடிந்ததா?

சென்ற ஆண்டு முதல் செமஸ்டர் இன்டர்னல் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பொருளியலில் முதல் மாதமே சொல்லித்தரும் ஒரு கருத்து உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்டுப் போகிற மற்றதன் மதிப்பு எவ்வளவோ, அதுவும் ஒரு செலவுதான். ஆங்கிலத்தில் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் என்போம். அந்தக் கேள்விக்கு நான்கு பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று முடியாமல் போனால் செய்ய வேண்டிவரும் செலவு. பார்த்து எழுதினார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான்கு பேரும் ஹாலின் வெவ்வேறு மூலைகளில் உட்கார்ந்தவர்கள். நான்கு பேரும் கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள்.

ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்கதானுங்க டீச்சர் வீடியோவுல அவசரச் செலவுன்னு சொன்னீங்க" என்றாள்.

உண்மைதான், அப்படித்தான் சொல்லியிருந்தேன். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. தமிழில் அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். நான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் பிறந்தவள், வீட்டில் தமிழ் பேசுகிறவள், கல்லூரியில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பாடம் எடுக்கிறவள். வகுப்பறையில் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் மூன்றாவது பெஞ்சில் ஒரு நெற்றி சுருங்கியிருக்கும். உடனே தமிழில் ஒரு வரி சேர்த்திருப்பேன். இருபது வருடமாக அப்படித்தான் நடந்து வருகிறது. அந்த வாரம் மட்டும் பாடத்தை வீடியோவாக எடுத்துப் பல்கலைக்கழகத்தின் காணொலித் தளத்தில் ஏற்றியிருந்தேன். 48 நிமிடம். பேசும்போது எனக்கு எதிரே ஒரு முகமும் இல்லை.

அன்றைக்குத்தான் அந்தத் தளத்தில் புள்ளிவிவரம் என்று ஒரு பக்கம் இருப்பதையே திறந்து பார்த்தேன். பாதிப் பேர் ஒன்பதாவது நிமிடத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். கடைசி வரை இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நடுவில் 31ஆவது நிமிடத்தில் மட்டும் கோடு மலை மாதிரி ஏறியிருந்தது. அந்த இடத்தைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். உற்பத்தி வாய்ப்பு வளைகோட்டை வரைந்துகொண்டே மூச்சுவிடாமல் பேசியிருக்கிறேன். மூன்று முறை கேட்டாலும் புரியாது. அந்தப் பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்கு அதே அரை நிமிடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள், என்னிடம் கேட்க வழியில்லாமல்.

சக ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். பல்கலைக்கழகத்துக் காணொலித் தளத்தைப் பலரும் வீடியோவைப் போட்டு வைக்கிற அலமாரியாகத்தான் பயன்படுத்துகிறோம். அலமாரி மட்டும் போதும் என்றால் யூடியூபே போதும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வாங்கும் கால்டூரா, பனாப்டோ ஆகட்டும், இங்கே நிறையக் கல்லூரிகளில் இருக்கும் இலவச மென்பொருளான மூடுல் ஆகட்டும், அவற்றில் வேறு சில வசதிகள் உண்டு. நம் மாணவர் மட்டும் உள்ளே வரலாம். வீடியோவை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். மூடுலில் எச்ஃபைவ்பி என்ற செருகி இதைச் செய்யும். பேச்சுக்குக் கீழே எழுத்து ஓடவிடலாம். வகுப்பு எங்கே தடுக்கி விழுந்தது என்று பார்க்கலாம். முகம் பார்க்க முடியாத இடத்தில் முகத்துக்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது இவ்வளவுதான். இதையும் விட்டுவிட்டால் நாம் சுவரோடு பேசுகிறோம்.

நீளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையவழிப் பாடங்கள் தரும் எடெக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் அதில் செலவிடும் நேரம், இடைநிலையாகப் பார்த்தால் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. இதை மட்டும் கேட்டுவிட்டு என் நண்பர் ஒருவர் ஒரு மணி நேர வகுப்புப் பதிவைப் பத்தாக வெட்டி ஏற்றினார். அதே ஆய்வின் அடுத்த முடிவை அவர் பார்க்கவில்லை: வகுப்பறையில் எடுத்த பாடத்தை வெட்டிப் போட்டாலும் ஆட்கள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. சின்ன வீடியோவைச் சின்னதாகவே யோசித்து எடுக்க வேண்டும். ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு கருத்து. ஸ்லைடை வாசிப்பதைவிடப் பேசிக்கொண்டே கையால் எழுதிக் காட்டுவது நிற்கிறது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கரும்பலகையில் கை நகரும்போது பிள்ளைகளின் கண்ணும் கூடவே நகர்வதை நாம் தினமும் பார்க்கிறோமே.

நடுவில் கேள்வி வைப்பது இன்னும் முக்கியம். 2013இல் வெளிவந்த ஒரு சோதனையில், 21 நிமிடப் புள்ளியியல் பாட வீடியோவை நான்கு துண்டாக்கினார்கள். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் ஒரு பிரிவினருக்குச் சின்னத் தேர்வு வைத்தார்கள். அப்படித் தேர்வு எழுதியவர்களின் மனம் அலைபாய்வது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, குறிப்பெடுப்பதும் கூடியது. என் அனுபவமும் இதேதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: அந்தக் கேள்விகளுக்கு மார்க் போடாதீர்கள். மார்க் என்று வந்துவிட்டால் விடை வாட்ஸாப் குரூப்பில் அடுத்த நிமிடம் வந்துவிடும். தப்பாகச் சொல்ல அவர்களுக்குச் சுதந்திரம் இருந்தால்தான் நமக்கு உண்மை தெரியும்.

சரி, பார்க்கிற பக்கத்துக்கு வருவோம். இந்த எல்லைப் பகுதியின் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் நல்ல மொபைல் ஒன்றுதான். விடியற்காலையில் கள் இறக்கப் போகும் அப்பாவோடு அது போய்விடும், அல்லது கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஷிஃப்டுக்கு அண்ணனோடு. லாகின் செய்ய வரும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். தோட்டத்தில் ஒரு பக்கம் நின்றால் கேரள டவர், நாலடி தள்ளினால் தமிழ்நாட்டு டவர், இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. ஒரு மாணவி வரப்பில் நின்றுதான் என் வகுப்பைக் கேட்டிருக்கிறாள். அதை அவள் புகாராகக்கூடச் சொல்லவில்லை.

கணக்கு எளிது. நொடிக்கு 2 மெகாபிட் தரத்தில் ஒரு மணி நேர வீடியோ 900 எம்பி தின்னும். அதே ஒரு மணி நேரம் 64 கிலோபிட்டில் குரல் மட்டும் என்றால் 29 எம்பிக்குள் அடங்கும். ஆகவே ஒவ்வொரு வீடியோவோடும் ஒரு குரல் கோப்பும், இரண்டு பக்கக் குறிப்பும் வைக்கிறேன். டவுன்லோடு செய்ய அனுமதிக்கும் பொத்தானைத் திறந்துவிடுகிறேன். திருடிவிடுவார்கள் என்று சிலர் அதை மூடி வைக்கிறார்கள். என் வளைகோட்டை யார் திருடப் போகிறார்கள்? காலேஜ் வைஃபையில் இறக்கிக்கொண்டு போய் வீட்டில் பார்க்கட்டும்.

இன்னொன்று. கால்டூரா, பனாப்டோ போன்ற காணொலித் தளங்கள் வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரத்தில் வைத்திருக்கும். ரேஞ்ச் குறைந்தால் தரம் குறைந்த துண்டு போகும். அதனால் வீடியோ நிற்காது, ஆனால் எழுத்து கலங்கிவிடும். ஏற்றும் முன் உங்கள் மொபைலில், தரத்தை 240பிக்கு இறக்கிவைத்து, ஒரு முறை பாருங்கள். உங்களுக்கே படிக்க முடியவில்லை என்றால் பெரிதாக எழுதித் திரும்ப எடுங்கள்.

இனி மொழி. தானாக வரும் கீழ் எழுத்தை அப்படியே விடாதீர்கள். தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் வருகிற நம் பேச்சு எந்த இயந்திரத்துக்கும் எளிதில் பிடிபடாது. எனக்கு டெபிட் எங்கெங்கோ வேறு சொல்லாக வந்தது. ஆறு நிமிட வீடியோவைத் திருத்த எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. பெரிய வேலைதான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும். காது சரியாகக் கேட்காத ஒரு மாணவன் அந்த எழுத்தை நம்பித்தான் உட்கார்ந்திருந்தான் என்பது எனக்கு மூன்றாவது செமஸ்டரில்தான் தெரியவந்தது. அப்புறம், இப்போது ஒவ்வொரு வீடியோவின் முதல் இருபது நொடியில் அந்தப் பாடத்தின் முக்கியச் சொல்லை மூன்று மொழியிலும் எழுதிக் காட்டுகிறேன்: மலையாளத்தில் அவசரச் செலவு, தமிழில் வாய்ப்புச் செலவு, ஆங்கிலத்தில் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்.

ஒரு வருத்தமான விஷயமும் உண்டு. சில வருடம் முன்பு எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் நேரலை வகுப்பைப் பதிவு செய்து அப்படியே தளத்தில் விட்டார்கள். அதில் ஒரு பெண் தமிழ் கலந்த மலையாளத்தில் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்கிறாள். அந்தப் பத்து நொடியை யாரோ வெட்டிக் கேலிக்காகச் சுற்றவிட்டார்கள். அந்தப் பெண் அதற்கப்புறம் எந்த வகுப்பிலும் வாய் திறக்கவில்லை. அதிலிருந்து நான் என் குரலை மட்டும்தான் பதிவு செய்கிறேன். பதிவு ஓடுகிறது என்று முதலிலேயே சொல்கிறேன். சந்தேகம் கேட்கும் நேரம் வந்ததும் பதிவை நிறுத்திவிடுகிறேன். செமஸ்டர் முடிந்ததும் அந்த வகுப்புப் பதிவுகளை எடுத்துவிடுகிறேன். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவர் தரவுக்குப் பொதுவாகப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். முதல் வருட வகுப்பில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடியோ பார்த்த நிமிடத்தை அட்டெண்டன்ஸாக மாற்றாதீர்கள். மாற்றினால் மொபைலைச் சார்ஜில் போட்டு ஓடவிட்டுவிட்டுப் போவார்கள். எங்கே தடுக்கினார்கள் என்று காட்டிக்கொண்டிருந்த அந்தக் கோடு அன்றோடு பொய்யாகிவிடும்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போது கல்லூரியில் இருக்கும் உங்களில் பலர் கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடக்க, 2020 ஜூன் 1இல் கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸ் சேனலில் ஃபர்ஸ்ட் பெல் என்ற பாட நிகழ்ச்சி தொடங்கியபோது பள்ளியில் இருந்தவர்கள். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் அதில் வகுப்புகள் வந்தன. வீடியோவில் படிப்பது உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் புரியாவிட்டால் திரும்பத் திரும்பப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். 2006இல் வெளிவந்த ஒரு சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு முறை படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம் வைத்திருந்தார்கள். ஆகவே வீடியோவை நிறுத்துங்கள், மொபைலைக் கவிழ்த்து வையுங்கள், நோட்டில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் உங்கள் சந்தேகம். அதை நிமிடக் கணக்கோடு எனக்கு அனுப்புங்கள்.

இந்த செமஸ்டர் வாய்ப்புச் செலவு வீடியோ 5 நிமிடம் 40 நொடி. இரண்டாவது நிமிடத்தில் ஒரு கேள்வி நிற்கும்: முதலமடையில் ஒருவர் தன் நிலத்தில் மா வைக்கிறார், அதே நிலத்தை ஆண்டுக்கு 60,000 ரூபாய்க்குக் குத்தகைக்கு விட்டிருக்கலாம், அவருடைய வாய்ப்புச் செலவு என்ன? நேற்று ராத்திரி வரை 38 பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். பதினோரு பேர் மருந்துக்கும் உரத்துக்கும் ஆகும் செலவு என்று போட்டிருக்கிறார்கள். நாளைக்குக் காலை முதல் பீரியடில் அந்த நிலத்தைக் கரும்பலகையில் வரைந்து ஆரம்பிக்கப்போகிறேன்.