முதல் சுற்று கையால்தான்

பழைய கார் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை, புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்ப்பது. இருபது முப்பது ஆண்டுகள் நின்ற வண்டிகள் என்னிடம் நிறைய வருகின்றன. அவற்றில் பல நின்றதால் கெட்டவை அல்ல, அந்த ஒரு திருப்பலில் கெட்டவை.

நீண்ட காலம் நின்ற எஞ்சினில் ஆயில் எல்லாம் வழிந்து சம்ப்பில் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்கியிருக்கும். எஞ்சின் நின்ற இடத்தில் ஏதாவது ஒரு வால்வு திறந்தே இருக்கும். அந்த வழியாக ஈரக்காற்று புகுந்து, பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவேறி ஒட்டிக்கொள்ளும். வால்வுத் தண்டும் அது ஏறி இறங்கும் குழாயான கைடில் இறுகியிருக்கலாம். எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கு இதெல்லாம் தெரியுமா? அதன் சின்னப் பல்சக்கரம் எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலின் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும்போது முறுக்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடும். தடையை உடைத்துக்கொண்டுதான் சுற்றும். கையால் திருப்பினால் இறுக்கம் கையிலேயே தெரியும், உடனே நிறுத்திவிடலாம்.

ஒருவர் பொறுக்க முடியாமல் செல்ஃப் அடித்துவிட்டு, "டக்னு ஒரு சத்தம் கேட்டுச்சு" என்று வந்தார். ஒரே ஒரு வால்வுதான் இறுகியிருந்தது, அதைத் தள்ளித் திறக்கும் கம்பியான புஷ் ராட் வளைந்துவிட்டது. வால்வுகளை மூடியிருக்கும் டேப்பட் கவரைக் கழற்றி ஒவ்வொரு வால்வையும் தட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

நான் செய்வது இதுதான். முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பேன் (சிரிக்காதீர்கள், பல தடவை இருந்திருக்கிறது). அப்புறம் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றுவேன். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தது எனக்குப் பிடித்த மருந்து. இரண்டும் பிரிந்துவிடும் என்பதால் ஊற்றும்போதே குலுக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. பிறகு காத்திருப்பதுதான் வேலை. சில நாள், சில வாரம்கூட ஆகலாம். கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் இருக்கும் போல்ட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டி இரண்டு பக்கமும் மெல்ல அசைத்துப் பார்ப்பேன். அசையவில்லையா, மறுபடி எண்ணெய். ஸ்பேனரை நீட்டப் பைப் மாட்டி அதில் தொங்கக் கூடாது.

சுற்ற ஆரம்பித்த பிறகும் பிளக் மாட்ட அவசரம் வேண்டாம். சம்ப்பில் தங்கிய சேறுபோன்ற பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றுங்கள். பிளக் இல்லாமலே செல்ஃப்பைச் சிறிது சிறிதாகச் சுற்றினால் ஆயில் பிரஷர் முள் எழும். அது எழாமல் எஞ்சினைக் கிளப்பினால் பேரிங்குகள் காய்ந்தபடி ஓடும்.

பேட்டரி மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். சில வண்டிகள் 6 வோல்ட். பார்க்காமல் மாட்டினால் டைனமோவும் (பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பது) வயரிங்கும் போய்விடலாம்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை நம்பாதீர்கள். வார்னிஷ் வாடை அடிக்கும். அந்தப் பிசின் கார்புரேட்டர் ஜெட்டையும் அடைக்கும், வால்வுத் தண்டிலும் ஒட்டும். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, சின்ன கேனிலிருந்து புது பெட்ரோல் கொடுத்துத்தான் முதலில் ஓட்டுவேன். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை அரிக்கும், ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருந்தால் பெட்ரோல் நேராகச் சம்ப்புக்குள் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஓட்ட வேண்டாம்.

கிளப்புவது திறந்த வெளியில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். மூடிய ஷெட்டில் புகைக்குழாய் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும். அரை மணி நேரம் ஓடியதும் அந்த ஆயிலையும் இறக்கிவிடுவேன். கறுப்பாகத்தான் வரும்.

எஞ்சின் ஓடியதும் சந்தோஷத்தில் தெருவில் இறக்கிவிடாதீர்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் காய்ந்திருக்கும், பிரேக் பிடிக்காது. டிரம்மைத் திறந்தால் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய பிரேக் லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.