பெய்த மழை ராகிக் கொல்லையில் எத்தனை விரல் இறங்கியது?

குப்பத்துக்கும் வேப்பனப்பள்ளிக்கும் நடுவே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊர். ஆவணி மாதம். பத்து நாள் மழையில்லாமல் காய்ந்த பிறகு ஒரு சாயங்காலம் நல்ல மழை. பக்கத்து மழைமானியில் 40 மி.மீ. பதிவானது. ராகி பிழைத்தது என்று ஊரே நிம்மதியாகப் படுத்தது. நான்காம் நாள் ஒரு பெரியவர் எனக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, மழதான் கொட்டித் தீத்துச்சே, பயிரு ஏன் மறுபடி சுருளுது? வேர்ல ஏதாச்சும் நோவா?"

போய்ப் பார்த்தேன். நோய் எதுவும் இல்லை. மண்வெட்டி வாங்கிப் பயிர் வரிசைக்கு நடுவே ஒரு குழி வெட்டினேன். மேலே நாலு விரல் ஈரம். அதற்குக் கீழே மழையே பார்க்காத மண், கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. பெரியவர் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். பிறகு அவரேதான் கை காட்டினார். கொல்லையின் மேல் மூலையில் ஒரு கட்டில் அகலத்துக்கு ராகி கருகருவென்று நின்றது. போன கோடையில் வண்டி எருவைக் கொட்டிவைத்திருந்த இடம் அது. அங்கேயும் வெட்டினோம். ஒரு சாணுக்கு மேல் ஈரம். ஒரே கொல்லை, ஒரே மழை, இரண்டு குழிக்கும் இடையே முப்பது அடி கூட இருக்காது.

மண் பரிசோதனையும் மானாவாரிப் பயிரும்தான் என் வேலை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருபது வருடம் ஓடிவிட்டது. வறட்சி என்று என்னிடம் வருகிற கொல்லைகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். மழை குறைந்த ஆண்டுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெய்ததையே உள்ளே விடாத மண்ணுக்கு எந்த ஆண்டும் வறட்சிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஏறக்குறைய 4,000 லிட்டர். 40 மி.மீ. என்றால் 1,60,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரில் பதின்மூன்று நடை. நாலு விரல்தான் நனைந்திருக்கிறது என்றால் அதில் பாதிக்கு மேல் வரப்பைத் தாண்டி, மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போயிருக்கிறது. காசு கொடுத்து டேங்கர் தண்ணீர் வாங்குகிற ஊரில் இதைச் சொல்லும்போது எனக்கே வயிறு எரிகிறது.

ஏன் இறங்கவில்லை? நம் பக்கத்துச் செம்மண்ணில் மணல் அதிகம், கரிமம் (எருவும் இலைதழையும் மக்கி மண்ணில் சேர்வது) குறைவு. மண் பரிசோதனையில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75க்கு மேல் போனால் அதிகம் என்று தரம் பிரிப்போம். மானாவாரிக் கொல்லைகளிலிருந்து என் கைக்கு வருகிற மாதிரிகளில் பெரும்பாலானவை குறைவு என்ற கட்டத்தைத் தாண்டுவதே இல்லை. கரிமம் இருந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பிசின் மாதிரி ஒன்றைச் சுரக்கும்; பூஞ்சை இழைகள் மண்ணைப் பின்னிப் பிடிக்கும்; மண் பொலபொலவென்று சிறு உருண்டைகளாக நிற்கும். அந்த உருண்டைகளுக்கு நடுவே இருக்கிற சந்துதான் தண்ணீர் இறங்கும் வழி. கரிமம் இல்லாத மண் மழைத்துளி அடித்ததும் கரைந்து, நுண்துகள் போய்ச் சந்தை அடைத்து, வெயில் பட்டதும் மேலே அப்பளம் மாதிரி ஒரு ஏடு இறுகிக்கொள்கிறது. ராகி விதை கடுகை விடச் சிறியது. முளைக்கிறபோது அந்த ஏட்டை முட்டித் திறக்க அதற்குத் தெம்பு கிடையாது.

இதோடு, டிராக்டரில் மாட்டிச் சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் சேர்ந்துகொண்டது. ஒரே ஓட்டில் மண் மாவாகிவிடுகிறது, பார்க்க அழகாக இருக்கிறது, வாடகையும் மிச்சம் என்று விதைப்புக்கு முன்னால் அதையே ஓட்டுகிறார்கள். மாவான மண்தான் முதல் மழையில் கெட்டியாக இறுகுகிறது. வருடா வருடம் ஒரே ஆழத்தில் உழுததால் அடியில் ஒரு கடினத் தட்டும் விழுந்திருக்கும். ராகி வேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பியிருப்பதைப் பயிரைப் பிடுங்கிப் பார்த்தாலே தெரியும். அப்படித் தட்டு இருந்தால், ஆழமாகக் கீறி அதை உடைக்கிற உளிக்கலப்பை போடலாம். அரை மீட்டர் இடைவெளி விட்டு, குறுக்கும் நெடுக்குமாக, கோடையில் மண் காய்ந்திருக்கும்போது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் உடைத்த பிறகு எருவும் வேரும் உள்ளே போகாவிட்டால் தட்டு மறுபடி கூடிவிடும். மானியத்தில் கிடைக்கிறதே என்று வெறும் உளிக்கலப்பையோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பலன் நின்றதை நான் பார்த்ததில்லை.

உங்கள் கொல்லை எப்படி என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் வரை வர வேண்டாம். ஆறு அங்குல விட்டத்தில் ஒரு பிவிசி குழாய்த் துண்டை எடுத்து, மூன்று அங்குலம் மண்ணுக்குள் தட்டி இறக்குங்கள். அதில் 450 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். அது ஒரு அங்குல மழைக்குச் சமம். முதல் முறை மண் நனையட்டும். இரண்டாம் முறை ஊற்றும்போது மணி பாருங்கள். அந்தப் பெரியவர் கொல்லையில் முக்கால் மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றது. எரு கொட்டிய மூலையில் ஆறேழு நிமிடத்தில் காணாமல் போனது. காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனைதான்; கரிமம் உள்ள கட்டி உருக்குலையாமல் நிற்கும், இல்லாதது கரைந்து கலங்கும். எந்தக் கூட்டத்திலும் நான் பேசுவதை விட அந்த டம்ளர்தான் அதிகம் பேசும்.

சரி, எருவுக்கு வருவோம். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்று பரிந்துரை எழுதிக் கொடுத்துவிடுவோம். எங்கிருந்து வரும்? ஒரு மாடு நாளுக்கு 10-12 கிலோ சாணி போட்டால் வருடத்துக்கு 4 டன் பச்சைச் சாணி. மக்கிய பிறகு பாதிதான் மிஞ்சும். இரண்டு மாடு வைத்திருப்பவர் மூன்று ஏக்கர் ராகிக்கு என்ன செய்வார்? அதுவும் இந்தப் பக்கம் இருக்கிற எரு முதலில் தக்காளிக்குப் போகும், பிறகு மல்பெரிக்கு, மாந்தோப்புக்கு. வானம் பார்த்த ராகிக் கொல்லைக்குக் குப்பைமேட்டின் அடிக்கழிவுதான். காசு வருகிற பயிருக்கு எருப் போடுவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நான் கேட்பது ஒன்றுதான்: இருக்கிற எருவைக் கொல்லை முழுக்கத் தெளித்து வீணாக்காமல், வருடத்துக்கு ஒரு பங்கு நிலம் என்று பிரித்து அந்தப் பங்குக்கு முழுசாகப் போடுங்கள். மூன்று வருடத்தில் ஒரு சுற்று வந்துவிடும்.

எருவைக் கையாளும் விதத்திலும் பெரிய இழப்பு இருக்கிறது. சித்திரையில் வண்டி வண்டியாக அடித்து, சிறு சிறு குப்பலாகக் கொல்லையில் கொட்டி, மழை வந்ததும் பரப்பலாம் என்று ஒரு மாதம் வெயிலில் விட்டுவிடுகிறோம். தழைச்சத்து ஆவியாகிவிடுகிறது, எருவில் இருக்கிற உயிரும் வெந்துபோகிறது. எருக்குழி நிழலில் இருக்கட்டும், மேலே மண் போட்டு மூடுங்கள், கொல்லைக்கு அடித்த அன்றே பரப்பி அன்றே உழுதுவிடுங்கள். காசு செலவில்லாத வேலை இது. ஆட்டுக்கிடை, அதாவது ராத்திரியில் ஆட்டு மந்தையைக் கொல்லையிலேயே அடைத்துவைப்பது, கிடைத்தால் விடவே விடாதீர்கள். முன்பெல்லாம் அறுவடை முடிந்த கொல்லையில் கிடை போடச் சொல்லி ஆட்டுக்காரர்களுக்கு நெல்லோ ராகியோ அளந்து கொடுத்து அழைப்பார்கள். ஏரி வண்டலும் மணல் செம்மண்ணுக்கு நல்லது. அனுமதி வாங்கி எடுங்கள்.

மண்ணுக்கே உரமாக மடக்கி உழுவதற்கென்று வளர்க்கிற பசுந்தாள் பயிர் பற்றி என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில், ஒரு மானாவாரிக் கிராமத்தில் சணப்பை விதைக்க வைத்தேன். நன்றாக வளர்ந்தது. பூக்கிற நேரத்தில் மடக்கி உழச் சொன்னேன். அதன் பிறகு மூன்று வாரம் மழை இல்லை. தண்டு மக்காமல் கரையான் ஏறியது. மண்ணில் இருந்த ஈரத்தையும் சணப்பை குடித்துவிட்டிருந்தது. ஆடிப்பட்டம் தவறி விதைத்த ராகி வெளிறிப் போய் நின்றது. பாசன நிலத்துக்கு எழுதியதை அப்படியே மேட்டுக்கொல்லைக்கு எடுத்துப் போனது என் பிழை, நட்டம் அவர்களுக்கு. இப்போது நான் சொல்வது வேறு. கோடை மழை கிடைத்தால் மட்டும் விதையுங்கள். நாற்பது நாளுக்குள், தண்டு முற்றும் முன்பே முடித்துவிடுங்கள். மண்ணில் ஈரம் இருந்தால் மடக்கி உழுங்கள். இல்லையா, அறுத்து அப்படியே மேலே பரப்பி மூடாக்காக விட்டுவிடுங்கள். வேர் உள்ளேயே இருக்கட்டும்.

ஆந்திரப் பக்கம் 2016 முதல் அரசே நடத்தும் இயற்கை வேளாண்மைத் திட்டத்தில், பருவமழைக்கு முன்பே பல தானிய விதைகளை மண், சாணம் பூசி உருட்டிக் காய்ந்த நிலத்தில் விதைக்கிறார்கள். நவதானிய விதைப்பு என்று அதற்குப் பெயர். எல்லைக்கு அப்பால் உறவுக்காரர்கள் இருப்பதால் நம் ஊர்களுக்கும் அது வந்துவிட்டது. எனக்கு அதில் பிடித்தது, வருடத்தில் எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள் மண்மேல் ஏதாவது ஒரு பச்சை இருக்க வேண்டும் என்ற அதன் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதம் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததுதான். எட்டுச் சால் (வரிசை) ராகிக்கு ஒரு சால் மொச்சையோ துவரையோ, ஓரத்தில் ஆமணக்கு, நடுநடுவே கடுகு. ராகியை அறுத்த பிறகும் மொச்சை பனியிலேயே காய்த்துக்கொண்டு தை வரை மண்ணை மூடி நிற்கும். துவரையின் ஆணிவேர் ராகி வேர் போகாத ஆழத்துக்குத் துளை போட்டுவிட்டு அங்கேயே மக்கும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு மொச்சைச் சால் இடைஞ்சலாகி, போய்விட்டது. ஆள் கிடைக்காத கஷ்டம் எனக்குத் தெரியும். குறைந்தது, தனி ராகி போட்டவர்கள் அறுத்த கையோடு, பின்மழை ஈரம் இருக்கும்போதே கொள்ளாவது விதையுங்கள். ராகித் தட்டை மாட்டுக்கு வேண்டும், அதைக் கொல்லையில் விடச் சொல்ல எனக்கு மனம் வராது. அடித்தாளை மட்டும் அரை அடி உயரத்துக்கு விட்டு அறுங்கள், போதும்.

சரிவுக்குக் குறுக்கே உழவு, கொர்ரு (விதைக்கும் கருவி) பிடித்து வரிசை விதைப்பு, ஓடைப் பக்கத்து வரப்பை உயர்த்துவது. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. கரிமம் ஒரு சதவீதம் கூடினால் ஏக்கருக்கு லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரை மண் கூடுதலாகப் பிடித்துவைக்கும் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உலக அளவில் மண் மாதிரிகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் அந்தக் கூடுதல் சிறியதாகவே வந்திருக்கிறது. நம் வெயிலில் ஒரு சதவீதம் கூட்டுவதும் சில வருடத்தில் ஆகிற காரியம் இல்லை. உடனே கிடைக்கிற லாபம் மேலே சொன்னதுதான்: ஏடு இறுகாமல் மழை உள்ளே இறங்குவது, இறங்கியது வெயிலில் ஆவியாகாமல் நிற்பது. மண்வள அட்டையில் பன்னிரண்டு விவரம் இருக்கும், அதில் கரிமம் ஒரு வரி. மழை எவ்வளவு உள்ளே இறங்கும் என்பதை எந்த அட்டையும் சொல்லாது. மண்வெட்டிதான் சொல்லும்.

அந்தப் பெரியவர் மேல் பாதிக்கு எருவும் மொச்சைச் சாலும் போட ஆரம்பித்து மூன்று பட்டம் ஆகிறது. போன புரட்டாசியில் நல்ல மழைக்கு மறுநாள் மறுபடி வெட்டினோம். மேல் பாதியில் எட்டு விரல் ஈரம், கீழ்ப் பாதியில் இன்னும் ஐந்தைத் தாண்டவில்லை. "மூலையில இருந்த அளவு வரலையேம்மா" என்றார். ஒரே இடத்தில் வண்டி வண்டியாகக் கொட்டிய மூலை அது, கொல்லை முழுக்க அந்த அளவுக்கு வர இன்னும் பல பட்டம் ஆகும் என்றேன். இந்தக் கோடை எருவைக் கீழ்ப் பாதிக்கு என்று ஒதுக்கி, குழியை மூடிவைத்திருக்கிறார்.