ஆட்டோ பிரைட்னெஸ் சொன்னபடி கேட்காதபோது

சுற்றுப்புற வெளிச்சத்துக்கேற்பத் திரையின் ஒளியைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ பிரைட்னெஸ் போட்டிருந்தும் வெயிலில் போன் திரை தெரிவதில்லை, இருட்டில் கண் கூசுகிறது என்றால் பலர் அதை அணைத்துவிட்டுக் கையாலேயே கூட்டிக் குறைக்கப் பழகிக்கொள்கிறார்கள். அவசரம் வேண்டாம். பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது.

திரையின் மேல் விளிம்பில் ஒரு சின்ன ஒளி சென்சார் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதில் நுண்ணிய மின்னோட்டம் உண்டாகும். அதை வைத்துப் போன் சுற்றுப்புற வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கிறது. மங்கலான அறையில் சுமார் 10 லக்ஸ், நேர் வெயிலில் 1,00,000 லக்ஸ் வரை. நம் கண்ணோ வெளிச்சம் எத்தனை மடங்கு மாறியது என்பதைத்தான் உணர்கிறது. 10 லக்ஸ் 20 ஆனால் சட்டென்று தெரியும். 10,000 லக்ஸோடு இன்னொரு 10 சேர்ந்தால் தெரியவே தெரியாது. அதனால் சென்சாரின் சிறு பிழைகூட இரவில்தான் பெரிதாக உறுத்தும்.

திரை உடனே மாறாததும் கோளாறு அல்ல. கை நிழல் விழும்போதெல்லாம் திரை துடிக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே தாமதம் வைத்திருக்கிறார்கள்.

முதலில் சென்சாரை மறைப்பது எது என்று பாருங்கள். கருப்பு விளிம்புள்ள டெம்பர்டு கிளாஸ், தடித்த உறை, அழுக்கு எல்லாமே காரணமாகலாம். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை கொண்ட பல போன்களில் சென்சார் திரைக்கு அடியிலேயே இருக்கிறது. பிக்சல்கள் எனும் அந்தப் புள்ளிகளின் இடைவெளி வழியே வரும் வெளிச்சத்தோடு திரையின் சொந்த ஒளியும் கலந்துவிடும். போன் அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். நடுவில் பொருந்தாத கண்ணாடி வந்தால் கணக்குத் தப்பும். கண்ணாடியைக் கழற்றி, இருட்டறையில் மேல் விளிம்பின்மீது டார்ச் அடித்துச் சில நொடிகள் பொறுங்கள். திரை பிரகாசமானால் சென்சார் நலம். அசையவே இல்லை என்றால்தான் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும்.

சென்சார் சரி, ஆனாலும் அளவு பிடிக்கவில்லையா? 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 பதிப்பிலிருந்து போன் நம் விருப்பத்தைக் கற்றுக்கொள்கிறது. ஆட்டோ இயங்கும்போது ஸ்லைடரை நகர்த்தினால், ‘இந்த வெளிச்சத்துக்கு இவருக்கு இவ்வளவு வேண்டும்’ என்று குறித்துக்கொள்ளும். அதாவது நாம் பாடம் நடத்துகிறோம்! ஆகவே ஆட்டோவை அணைக்காமல், தொந்தரவு தரும் அதே இடத்தில் நின்று பொறுமையாகத் திருத்துங்கள். சில நாட்களில் பழகிவிடும். ஐபோனில் ஆட்டோ பிரைட்னெஸ் அமைப்பை டிஸ்ப்ளே பகுதியில் தேடி அலைய வேண்டாம். ஆக்சசிபிலிட்டிக்குள் ‘டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்’ பகுதியில் இருக்கிறது.

அப்புறம், சூடு. வெயிலில் முழுப் பிரகாசத்தில் ஓடும் திரை கொதிக்கத் தொடங்கினால், பேட்டரியையும் திரையையும் காக்கப் போனே ஒளியைக் குறைத்துவிடும். ஆட்டோவை அணைத்திருந்தாலும் இது நடக்கும். நிழலுக்கு வந்து, உறையைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஆறவிடுங்கள். ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.