பூட்டானில் வானொலி மலையைத் தாண்டியது எப்படி?

பூட்டான் பரப்பளவில் கிட்டத்தட்டக் கேரளம்தான். ஆனால் தெற்கு எல்லையில் சில நூறு மீட்டர் உயரத்தில் தொடங்கும் நிலம், இருநூறு கிலோமீட்டருக்குள் 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புயென்சும் சிகரம் வரை ஏறிவிடுகிறது. மக்கள் வாழ்வது இடையிலுள்ள பள்ளத்தாக்குகளில். ஒரு பள்ளத்தாக்கில் பேசுவதை அடுத்ததில் கேட்க வைப்பதுதான் அங்கே தொலைத்தொடர்பின் முழுப் பிரச்சினையும்.

முதல் விடை 1973-இல் வந்தது. தன்னார்வ இளைஞர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரம் செய்தியும் பாட்டும் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். பின்னாளில் பூட்டான் ஒலிபரப்பு நிறுவனமாக வளர்ந்தது அதுதான். தலைநகர் திம்புவிலிருந்து 6,035 கிலோஹெர்ட்ஸ் சிற்றலையில் அதன் நிகழ்ச்சிகள் வந்தன. அலைநீளம் சுமார் 50 மீட்டர். மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு இருந்திருக்க முடியாது என்பேன்.

காரணம், இந்த அலை மலையோடு மோதவே தேவையில்லை. ஆண்டெனாக் கம்பியைத் தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் படுக்கைவாட்டில் கட்டினால், ஆற்றலில் பெரும்பகுதி நேர் மேலே போகும். இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலம் அதைத் திருப்பி அனுப்பும். மதிலுக்கு அப்பால் இருக்கும் செடிக்குத் தண்ணீர் விடக் குழாயை மேல்நோக்கித் தூக்கிப் பிடிப்போமே, அதே வேலைதான். சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு அலை ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால், எவ்வளவு ஆழமான பள்ளத்தாக்கிலும் ரேடியோ பேசும். ஒரே டிரான்ஸ்மிட்டர், முழு நாடு!

சிக்கல் இல்லாமல் இல்லை. சூரியன் சாய்ந்ததும் அயனி மண்டலம் மெலியும். அப்போது செங்குத்தாகப் போகும் அலை அதைத் துளைத்து விண்வெளிக்குப் போய்விடலாம். சாய்வாகப் போனது மட்டும் திரும்பி வரும். அதனால் பக்கத்து ஊரில் கேட்காத நிலையம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளித் தெளிவாகக் கேட்பதும் உண்டு. வெவ்வேறு பாதைகளில் வரும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் ஒலி ஏறி இறங்கும்.

2000-இல் வந்த பண்பலையில் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. ஆனால் அதன் அலைநீளம் சுமார் 3 மீட்டர். அயனி மண்டலம் அதைத் திருப்பாது, மலையைச் சுற்றி வளையும் திறனும் குறைவு. ஆண்டெனாவுக்கும் ரேடியோவுக்கும் நடுவே மறைப்பு இருக்கக் கூடாது. ஆகவே திம்புவுக்கும் புனாகாவுக்கும் நடுவே சுமார் 3,100 மீட்டர் உயரத்திலுள்ள டோச்சுலா கணவாய் போன்ற இடங்களில் டிரான்ஸ்மிட்டரை வைத்தார்கள். இப்படி ஒவ்வொரு மலைமுகட்டுக்கும் மின்சாரம் போக வேண்டும், ஆள் போக வேண்டும், மின்னலிலிருந்து கருவியைக் காக்க வேண்டும். செல்போன் டவருக்கும் இதே கதி.

தொலைக்காட்சி 1999 ஜூன் 2 அன்று தொடங்கியபோது திம்புவில் மட்டுமே தெரிந்தது. நாடு முழுவதற்கும் போனது 2006-இல், செயற்கைக்கோள் வழியாக. அதிலும் மலை குறுக்கிடும். 2017-இல் இஸ்ரோ ஏவிய தெற்காசிய செயற்கைக்கோள் 48 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிறது. திம்புவிலிருந்து பார்த்தால் அது தென்மேற்கில், ஏறத்தாழ 34 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்தத் திசையில் அதைவிட உயரமாக ஒரு மலைச்சரிவு எழுந்து நின்றால் டிஷ்ஷில் படம் வராது. வீட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருந்தால் வந்திருக்கும்.

இன்டர்நெட்டுக்கு எனக்கு மிகவும் பிடித்த தீர்வு மின்கோபுரங்களின் உச்சியில் இருக்கிறது. மின்கம்பிகளுக்கு மேலே, மின்னலைத் தாங்கித் தரைக்கு அனுப்ப ஒரு கம்பி ஓடும். அதன் நடுவே உலோகக் குழாய்க்குள் முடிபோன்ற கண்ணாடி இழைகளை வைத்துவிடுகிறார்கள். நீர்மின்சாரத்துக்காக ஏற்கெனவே மலை ஏறிய கோபுரங்கள், கூடவே தரவையும் சுமக்கின்றன. ஒளி செல்வது கண்ணாடிக்குள் என்பதால் பக்கத்துக் கம்பியில் ஓடும் உயர் மின்னழுத்தம் அதைக் குலைப்பதில்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை போகும்போது, சாலையோரம் புதைத்த கேபிளும் சேர்ந்தே அறுந்துவிடும். இந்தக் கம்பியோ பள்ளத்துக்கு மேலே, கோபுரத்துக்குக் கோபுரம் தாவிப் போகிறது.