அடுத்த வாரப் பாடத்தை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடாதீர்கள்

பெங்களூரில் பல பள்ளிகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்த வாரத் திட்டம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும். ஒரு பக்கம்தான். இங்கிலீஷில் எந்த ஒலி, கணக்கில் இரண்டு இலக்கக் கூட்டல், கன்னடத்தில் காகுணிதா (நம் உயிர்மெய் வரிசை மாதிரி), இ.வி.எஸ் என்கிற சூழ்நிலையியலில் தபால்காரரும் போலீஸ்காரரும், புதன்கிழமை பழம் கொடுத்தனுப்பவும், வெள்ளிக்கிழமை டிக்டேஷன், லைப்ரரி புத்தகத்தை மறக்காமல் திருப்பி அனுப்பவும். இவ்வளவுதான் இருக்கும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு அதை எழுதி அனுப்புகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன்: என்ன நடக்கப்போகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் அது. வீட்டில் முடிக்க வேண்டிய போர்ஷன் என்று நாங்கள் யாரும் நினைத்து அனுப்புவதில்லை.

ஆனால் நடப்பது வேறு. சனிக்கிழமை பிரிண்ட் அவுட் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தையை உட்காரவைத்து, ஐந்து நாள் பாடத்தையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை காலையில் வேனில் ஏற்றி அனுப்புகிற வீடுகள் நிறைய. நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. அந்தக் குழந்தை வகுப்புக்கு வந்ததும் முதலில் சொல்வது, "மிஸ், இது எனக்குத் தெரியும்." 27உம் 15உம் எவ்வளவு என்று கேட்டால் 42 என்று டக்கென்று பதில் வருகிறது. சரி, மேலே ஒரு 1 போட்டாயே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முழிக்கிறது. "அம்மா அங்கதான் போடச் சொன்னாங்க."

அந்த 1 எங்கிருந்து வந்தது என்பதுதான் அந்த வாரம் முழுக்க நாங்கள் நடத்தப்போகிற பாடம். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்போம். இரண்டு கட்டும் 7 உதிரியும் ஒரு பக்கம், ஒரு கட்டும் 5 உதிரியும் இன்னொரு பக்கம். உதிரியை எல்லாம் சேர்த்தால் 12. அதில் பத்தை எடுத்துப் புதிதாக ஒரு கட்டுக் கட்டினால், மூன்றாக இருந்த கட்டு நாலாகிறது, இரண்டு குச்சி மிச்சம். அந்த ரப்பர் பேண்டைத் தன் கையால் போட்ட குழந்தைக்கு அடுத்த வருஷம் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு வரும்போது கட்டை அவிழ்க்க வேண்டும் என்று தானாகவே தோன்றும். விடையோடு வந்த குழந்தை குச்சியைத் தொடவே மாட்டேன் என்கிறது, அதற்குத்தான் எல்லாம் தெரியுமே! பக்கத்துப் பிள்ளையின் ரப்பரைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்புறம் பிடிஎம்மில், அதாவது பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில், "கவனம் சிதறுகிறது" என்று நாங்கள் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரு வாரம் வகுப்பில் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் இந்த அவசரம் கொஞ்சம் குறையலாம். திங்கட்கிழமை புதிதாக எதையும் பெரிதாகத் தொடங்குவதில்லை. பாதிப் பிள்ளைகள் சனி ஞாயிறில் கிருஷ்ணகிரிக்கோ வேலூருக்கோ போய்விட்டு, ஓசூர் ரோட்டில் டிராஃபிக்கில் மாட்டி, ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு சேர்ந்திருப்பார்கள். முதல் பீரியடில் அந்தக் கதைகளைக் கேட்போம். அதுவும் பாடம்தான், நடந்ததை முன்பின் மாறாமல் நாலு வாக்கியத்தில் சொல்வது ஆறு வயதுக்குச் சுலபமான வேலை இல்லை. பிறகு போன வாரத்துப் பாடத்தைக் கேட்போம். பாதி மறந்திருக்கும். இதற்குப் பதறவே வேண்டாம். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் புத்தகமாகவே வெளியிட்டார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது, ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள் இடைவெளி விட்டுப் படித்தால் நன்றாக நிற்கிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிட்டது. கொஞ்சம் மறந்ததைத் தேடி எடுக்கும்போதுதான் அது உறுதியாகிறது. ஆகவே திங்கட்கிழமை நாங்கள் பழைய பாடத்தையே நடத்துவது பின்தங்கியதால் அல்ல, அதற்காகவேதான்.

செவ்வாயும் புதனும் கனமான நாட்கள், புதிய ஒலி, புதிய கணக்கு எல்லாம் அப்போதுதான். வியாழக்கிழமை அதையே ஒர்க்‌ஷீட்டில், ஜோடி ஜோடியாக உட்கார்ந்து. வெள்ளிக்கிழமை டிக்டேஷன். நாலைந்து வார்த்தைகள்தான் கொடுப்போம், எந்த ஒலி இன்னும் பிடிபடவில்லை என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இருபது முறை எழுதவைத்து அனுப்பினால் ஐந்துக்கு ஐந்து வந்துவிடும், ஆனால் எங்களுக்கு எதுவுமே தெரியாமல் போய்விடும்.

"மிஸ், ரெண்டு வாரமா நோட்டுல ஒண்ணுமே இல்லையே" என்று கேட்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். குச்சி கட்டியதும், தரையில் சுற்றி உட்கார்ந்து கதையைத் திருப்பிச் சொன்னதும் நோட்டில் ஏறாது. இது ஏதோ பெரிய ஃபீஸ் வாங்குகிற பள்ளிகளின் ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். கர்நாடக அரசுப் பள்ளிகளில் 'நலி கலி' என்று ஒரு முறை இருக்கிறது. மைசூரு மாவட்டத்தின் ஹெச்.டி.கோட்டே தாலுகாவில் 1995இல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை போனது. கார்டு, பாட்டு, குழு வேலை, ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் தானே ஏறும். நோட்டை நிரப்புவதை வைத்து அங்கே யாரும் படிப்பை அளப்பதில்லை.

அப்படியானால் எவ்வளவு தெரிந்தால் போதும்? மத்திய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தில் இதற்குக் கணக்கு எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு முடியும்போது நாலைந்து எளிய சொற்கள் உள்ள சின்ன வாக்கியத்தைப் படித்தால் போதும், எண்கள் 99 வரை. இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிஷத்துக்கு 45 முதல் 60 சொல், 999 வரை. மூன்றாம் வகுப்பில் 60 சொல்லுக்குக் குறையாமல், 9999 வரை. திரும்பவும் படித்துப் பாருங்கள், இது வருஷக் கடைசி இலக்கு. ஜூலை மாதத்திலேயே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பத்தி பத்தியாகப் படிக்கவில்லை என்று டியூஷன் தேடுகிறவர்களைப் பார்க்கிறேன். (தயவுசெய்து போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து நிமிஷத்துக்கு எத்தனை சொல் என்று வீட்டில் எண்ணாதீர்கள். அதற்கு இதைச் சொல்லவில்லை.)

இன்னொன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது முடிந்திருக்க வேண்டும் என்ற விதியை 2025-26 சேர்க்கைக்கு மட்டும் தளர்த்தி, எல்கேஜி யுகேஜி முடித்திருந்தால் 5 வயது 5 மாதம் போதும் என்றார்கள். அந்த வருஷம் ஒரே பெஞ்சில் ஐந்தரை வயதும் ஆறரை வயதும் உட்கார்ந்திருந்தன. நமக்கு ஒரு வருஷம் பெரிதில்லை, அவர்களுக்கு அது பென்சில் பிடிக்கிற விரலின் பலத்திலேயே தெரியும். b, d இரண்டையும் மாற்றி எழுதுவதும் இந்த வயதில் சாதாரணம்.

ஹோம்வொர்க் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் வகுப்பு வரை ஹோம்வொர்க்கே கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, 2020இல் வந்த மத்திய அரசின் பள்ளிப்பை கொள்கையும் அதையே சொல்கிறது. பையைப் பற்றி கர்நாடக அரசு 2019இல் போட்ட சுற்றறிக்கையில் 1, 2 வகுப்புகளுக்கு 1.5 முதல் 2 கிலோ வரைதான், மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை பையே இல்லாமல் வரலாம் என்று இருக்கிறது. உங்கள் பள்ளி வேறு மாதிரி நடந்தால் கேளுங்கள். ஆனால் ஹோம்வொர்க் கொடுக்காத பள்ளியிடம் போய் ஹோம்வொர்க் கேட்பதும் நம் ஆட்கள்தான், அதையும் சொல்லியாக வேண்டும்.

இனி நம் வீட்டு விஷயம். அல்சூர், மர்பி டவுன், விவேக் நகர், ராமமூர்த்தி நகர் என்று எங்கிருந்து வந்தாலும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடட்டுமா, இங்கிலீஷ் வரமாட்டேங்குது." நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இது நான் வகுப்பில் கண்ணால் பார்ப்பது. பாட்டியிடம் தமிழில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை, இங்கிலீஷில் வார்த்தை குறைவாக இருந்தாலும், அப்புறம் என்ன ஆனது, ஏன் அப்படிச் செய்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கதை எப்படிப் போகும் என்பது அதற்குத் தெரியும், சொற்கள்தான் பாக்கி, அவை வந்துவிடும். வீட்டில் அரைகுறை இங்கிலீஷில் 'கம்', 'ஈட்', 'ஸ்லீப்' என்று மட்டுமே கேட்ட பிள்ளைக்கு எந்த மொழியிலும் நீளமாக ஒன்றைச் சொல்ல வரவில்லை, அதுதான் கஷ்டம்.

கன்னடம் வேறு கதை. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கட்டாயம். நம் பிள்ளைகள் தெருவில் விளையாடியே நன்றாகப் பேசுவார்கள், எழுத்தில்தான் தடுக்கும். தமிழில் ஒரே க வைத்துச் சமாளிக்கிற இடத்தில் கன்னடத்தில் நாலு எழுத்து. வீட்டில் தமிழ் எழுத்தும் கற்றுக்கொள்கிற பிள்ளை ஆரம்பத்தில் இவற்றைக் குழப்பும், தெரிந்து திருத்தினால் சில மாதங்களில் சரியாகிவிடும். இதற்கு டியூஷன் வேண்டாம், கடைப் பலகை போதும். பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து ஊர் முழுக்கப் பெரிய பெரிய எழுத்தில் பாடப்புத்தகம் தொங்குகிறது. வேன் வரும்வரை நிற்கிற ஐந்து நிமிஷத்தில் எதிரே இருக்கிற பேக்கரி பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கன்னட எழுத்து தெரியாதா? இன்னும் நல்லது, பிள்ளை உங்களுக்குச் சொல்லித்தரட்டும்.

"இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். பொய் இல்லை, ஏழெட்டு மணி நேரத்தை ஒரு வரியில் சுருக்க அதற்குத் தெரியாது. வாரத் திட்டம் உண்மையில் பயன்படுவது இந்த இடத்தில்தான். அதைப் பார்த்துவிட்டு, "குச்சியைக் கட்டினீங்களாமே, உதிரி எத்தனை மிச்சம் வந்துச்சு?" என்றோ, "தபால்காரர் மாதிரி யார் நடிச்சாங்க?" என்றோ கேளுங்கள், பேச்சு நிற்காது. பாடம் முடிந்த பிறகு நீங்கள் கேட்கிற அந்த ஒரு கேள்வி, முன்கூட்டியே நடத்துகிற ஒரு மணி நேரத்தைவிட எனக்கு உதவியாக இருக்கிறது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடத்தில் தடுமாறுவதாக நினைத்து நாங்கள் பார்த்தால் பல தடவை அது தூக்கமாக இருக்கிறது. 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. ஏழு மணிக்கு வேன் என்றால் ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்று நீங்களே பாருங்கள். டிபன் டப்பாவைக் குழந்தை தானே திறக்கிறதா என்று கடையிலேயே சோதித்து வாங்குங்கள். பத்து நிமிஷ இடைவேளையில் எட்டு நிமிஷம் மூடியோடு போராடிவிட்டுப் பசியோடு கணக்குப் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தால், பாத்ரூம் போகப் பயந்தோ கூச்சப்பட்டோ தண்ணீர் குடிக்காமல் இருக்கலாம். அதை எங்களிடம் சொல்லுங்கள், தனியாகப் போகப் பயம் என்றால் ஆயாம்மாவைக் கூட அனுப்புவோம், பல நேரம் இரண்டே நாளில் சரியாகிவிடுகிறது.

எப்போது கவலைப்படலாம் என்றால், ஒரு நாள் மோசமாகப் போனதற்கு இல்லை, வாரம் வாரமாக ஒரே இடத்தில் நின்றால். இரண்டாம் வகுப்பு பாதி தாண்டியும் எழுத்துக்களைச் சேர்த்து மூன்றெழுத்துச் சொல்லைப் படிக்க முடியவில்லை, போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒவ்வொரு திங்கட்கிழமையும் வயிற்று வலி. முதலில் கண்ணையும் காதையும் காட்டிவிடுங்கள். கற்றல் குறைபாடு சோம்பேறித்தனமும் இல்லை, வளர்ப்பின் குறையும் இல்லை, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒன்று. சந்தேகம் இருந்தால், பெங்களூரிலேயே இருக்கிற மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கென்றே மனநலப் பிரிவு இருக்கிறது. 'நிம்ஹான்ஸ்' என்றதும் பதறுகிற வீடுகள் உண்டு, அந்தப் பதற்றத்தில் ஒரு வருஷம் வீணாகப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

பிடிஎம்முக்கு வரும்போது ஒன்று செய்யுங்கள். ஒரு பிள்ளைக்கு எங்களுக்குக் கிடைப்பதே சில நிமிஷம், அதில் பாதி மார்க் பேச்சிலேயே போய்விடுகிறது. "போன மாதம் முடியாமல் இருந்து இப்போது முடிவது எது, யாரோடு உட்கார்ந்தால் வேலை நடக்கிறது" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் டீச்சர் நோட்டைப் புரட்டினால் விடாதீர்கள், அடுத்த வாரம் வருகிறேன், பார்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். என்னிடம் என்றாலும் அப்படித்தான்.