பெரிய வியாழன் நிலா

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. கோயிலுக்குப் போக ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்கும் ஆராதனையும் முடிந்து திரும்பப் பத்து மணி தாண்டிவிடும். மற்ற நாட்களில் டார்ச் இல்லாமல் படி இறங்க விடாத அம்மாச்சி, அன்றைக்கு மட்டும் "டார்ச்சு எதுக்கு மக்களே, நெலா உண்டுல்லா" என்பார். வானத்தைப் பார்த்துச் சொல்வதில்லை, அடுக்களையில் நின்றபடியே சொல்வார். மார்ச்சில் வந்த பெரிய வியாழனும் உண்டு, ஏப்ரல் கடைசியில் வந்ததும் உண்டு. எப்போது வந்தாலும் திரும்பி வரும் வழியில் புதுத்தளிர் விட்ட ரப்பர் மரங்களுக்கு ஊடே வெளிச்சம் விழுந்து கிடக்கும்.

அம்மாச்சிக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னதற்குப் பின்னால் பெரிய கணக்கு ஒன்று உண்டு. ஈஸ்டர் ஏன் ஆண்டுதோறும் தேதி மாறுகிறது என்ற கேள்விக்கும் அதுதான் விடை.

எங்கள் எதிர்வீடு சிரியன் கிறிஸ்தவர்களுடையது, மலையாளம் பேசுகிறவர்கள். பெரிய வியாழனை அவர்கள் பெசகா வியாழம் என்பார்கள். அன்று மாலை அரிசிமாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்க வைக்காமல் அப்பம் அவிப்பார்கள். குருத்து ஞாயிறன்று கோயிலில் வாங்கி வந்த ஓலையைக் கிழித்துச் சிலுவையாக்கி, மாவின் மேல் வைத்து ஆவியில் வேகவிடுவார்கள். கூடவே வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய பால். வீட்டுக்கு மூத்தவர் ஜெபம் சொல்லி அப்பத்தை வெட்டி, வயது வரிசைப்படி கொடுப்பார். எங்களுக்கும் ஒரு துண்டு வரும்.

அந்தப் 'புளிக்க வைக்காமல்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெசகா என்பது சிரியாக் மொழி வழியாகக் கேரளத்துக்கு வந்த சொல். எபிரேயத்தில் பெசாக், கிரேக்கத்தில் பாஸ்கா. தமிழ்க் கத்தோலிக்கர் பாஸ்கா என்றும், சீர்திருத்தச் சபையார் பஸ்கா என்றும் சொல்கிறோம். எல்லாம் ஒன்றுதான்: எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைத்து யூதர்கள் புளியாத அப்பம் உண்ணும் திருநாள். யூதர்களின் மாதம் அமாவாசையை ஒட்டிப் பிறக்கும். நிசான் மாதத்தின் 14-ஆம் நாள் மாலையில் பாஸ்கா, அதாவது பௌர்ணமியை ஒட்டி. இயேசு சிலுவையில் இறந்தது அந்தத் திருநாள் சமயத்தில் என்று நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன. அதனால்தான் பெரிய வாரம் எப்போதும் பெருநிலாவோடு வருகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இயேசு இறந்தபோது பூமி இருண்டது சூரிய கிரகணத்தால் என்று சிலர் சொல்வார்கள். சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே நடக்கும். பாஸ்கா நாளில் அதற்கு வழியே இல்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஜூலியஸ் ஆப்பிரிக்கானஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

இனி வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் சுற்றுகிற ஒரு செய்தி: ஈஸ்டர் என்பது பாபிலோனிய தேவதை இஷ்டாரின் பெயராம். அது சரியில்லை. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும்தான் அப்படியொரு சொல் வழங்குகிறது. ஆங்கிலேயர் முன்பு ஈஸ்ட்ரே என்ற தேவதையின் பெயரால் ஒரு மாதத்தை அழைத்தார்கள், அந்த மாதத்துப் பெயர் திருநாளுக்கு ஒட்டிக்கொண்டது என்று எட்டாம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதினார். அந்தத் தேவதையைப் பற்றிய பழைய சான்று அவ்வளவுதான். ஆங்கிலம் பிறப்பதற்கு முன்பிருந்தே கிறிஸ்தவர்கள் கொண்டாடிய பெயர் பாஸ்கா.

சரி, தேதிக்கு வருவோம். ஆரம்பத்திலேயே ஒரு சண்டை வந்தது. இன்றைய துருக்கிப் பகுதியான சின்ன ஆசியாவில் இருந்தவர்கள், கிழமை எதுவானாலும் நிசான் 14-இலேயே கொண்டாடினார்கள். உயிர்த்தது ஞாயிறு, ஆகவே ஞாயிறன்றுதான் கொண்டாட வேண்டும் என்றது ரோம். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சின்ன ஆசியாவின் சிமிர்னா நகர ஆயர் பாலிகார்ப் ரோமுக்கே போய், அங்கிருந்த ஆயர் அனிசெட்டஸிடம் பேசினார். இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் ஒரே பீடத்தில் நற்கருணை கொண்டாடிவிட்டுச் சமாதானமாகப் பிரிந்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

கி.பி. 325-இல் நைசியாவில் ஆயர்களின் பொதுச்சங்கம் கூடியபோது, எல்லோரும் ஒரே ஞாயிறன்று கொண்டாட வேண்டும் என்று முடிவானது. அந்த ஞாயிறைக் கணிக்கும் வேலையில், வானியலில் தேர்ந்த எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்தின் முறைதான் கடைசியில் நிலைத்தது. அந்த விதி இப்படி: மார்ச் 21-ஐ, அதாவது பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளை, வைத்துக்கொள். அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பார். அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிறாக அமைந்தால் ஒரு வாரம் தள்ளிக்கொள்.

இந்தச் சின்ன விதிக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று சக்கரங்கள் சுழல்கின்றன. சூரியனுக்கு ஓர் ஆண்டு 365.2422 நாள். நிலாவுக்கு ஒரு மாதம் 29.53 நாள். வாரத்துக்கு ஏழு நாள், அது வானத்தில் எதையும் சாராதது. பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள்தான், சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. அதனால் ஒரு பௌர்ணமி அடுத்த ஆண்டு 11 நாள் முன்னால் வந்துவிடும். மார்ச் 21-க்கு முன்னே போய்விட்டால் அதை விட்டுவிட்டு, அடுத்த பௌர்ணமியை எடுக்க வேண்டும். அப்போது போன ஆண்டைவிட 19 நாள் பின்னால் தள்ளும்.

கையால் போட்டுப் பாருங்கள். 2024-இல் கணக்குப் பௌர்ணமி, அதாவது சபையின் அட்டவணை சொல்லும் பௌர்ணமி, மார்ச் 25. 2025-இல் 19 கூட்டினால் ஏப்ரல் 13, அது ஞாயிறு, ஆகவே ஒரு வாரம் தள்ளி ஏப்ரல் 20 ஈஸ்டர். 2026-இல் 11 கழித்தால் ஏப்ரல் 2, வியாழன். அந்த வாரத்து ஞாயிறு ஏப்ரல் 5 ஈஸ்டர். வானத்திலும் அந்த ஏப்ரல் 2 காலையில்தான் பௌர்ணமி. 2027-இல் இன்னொரு 11 கழித்தால் மார்ச் 22, திங்கள், ஈஸ்டர் மார்ச் 28.

இப்படிக் கூட்டியும் கழித்தும் போனால் 19 ஆண்டில் வட்டம் முடிந்து, பௌர்ணமிகள் பழைய தேதிகளுக்கே திரும்பிவிடும். 19 சூரிய ஆண்டு என்பது 6,939.6 நாள், 235 நிலா மாதம் என்பது 6,939.7 நாள். வித்தியாசம் இரண்டு மணி நேரம் மட்டுமே. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸின் மெட்டன் இதைச் சொன்னார், பாபிலோனியருக்கும் தெரிந்திருந்தது. யூதர்கள் 19 ஆண்டில் ஏழு முறை கூடுதல் மாதம் சேர்ப்பதும் இதனால்தான். நம் பக்கத்துத் தெலுங்குப் பஞ்சாங்கத்தில் வரும் அதிக மாசமும் ஏறக்குறைய இதே விகிதத்தில்தான் வருகிறது.

525-இல் டயோனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி ரோமில் உட்கார்ந்து ஈஸ்டர் அட்டவணையை நீட்டி எழுதினார். பழைய அட்டவணை, கிறிஸ்தவர்களைக் கொன்ற டயோக்ளீஷியன் மன்னனின் ஆண்டுக் கணக்கில் இருந்தது. அந்தப் பெயர் வேண்டாம் என்று கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணத் தொடங்கினார். இன்று காலண்டரில் கிழிக்கிறோமே 2026, அந்த எண் ஈஸ்டர் கணக்கின் ஓரத்தில் பிறந்தது!

ஆனால் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. அதுவரை வழங்கிய ஜூலியன் காலண்டர் ஆண்டை 365.25 நாள் என்று வைத்திருந்தது. ஆண்டுக்கு 11 நிமிடம் அதிகம், 128 ஆண்டில் ஒரு நாள். 1582-க்குள் உண்மையான சமநாள் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. இப்படியே விட்டால் வசந்தத் திருநாள் மெல்ல மெல்லக் கோடைக்குள் போய்விடும். திருத்தந்தை 13-ஆம் கிரகோரி பத்து நாட்களை எடுத்துவிட்டார். அக்டோபர் 4 வியாழன், மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. திட்டம் அலோய்சியஸ் லிலியஸ் என்ற மருத்துவருடையது, அதை விளக்கி நிலைநிறுத்தியவர் கிளாவியஸ் என்ற இயேசு சபைக் குரு. கிழக்கின் பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஈஸ்டருக்கு இன்னும் பழைய காலண்டரையே பார்க்கின்றன, அதனால் 2024-இல் அவர்களுக்கு ஈஸ்டர் மே 5. கேரளத்தின் மலங்கர ஆர்த்தடாக்ஸ் சபையோ நம்மோடுதான் கொண்டாடுகிறது.

இதே சிக்கல் நமக்கும் உண்டு. விஷு என்ற சொல்லே சமநாளைக் குறிக்கும் விஷுவத்திலிருந்து வந்தது. ஆனால் விஷுக்கனியும் சித்திரை ஒன்றும் இப்போது சமநாளுக்கு 24 நாள் கழித்து, ஏப்ரல் நடுவில்தான் வருகின்றன. நம் பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு ஆண்டை அளக்கிறது. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலையாட்டுவதால் சமநாள் நட்சத்திரங்களிடமிருந்து நகர்ந்துகொண்டே போகிறது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒட்டி இருந்தன. அவர்கள் பத்து நாளை வெட்டிப் பருவத்தைப் பிடித்துக்கொண்டார்கள், நாம் நட்சத்திரத்தை விடவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: சபை பார்ப்பது வானத்து நிலாவை அல்ல, அட்டவணை நிலாவை. 2019-இல் இது நன்றாகத் தெரிந்தது. நம் நேரப்படி மார்ச் 21 விடிகாலை மூன்றரை மணிக்குச் சமநாள், காலை ஏழே காலுக்குள் பௌர்ணமி. வானத்தை நேரடியாகப் பார்த்திருந்தால் மார்ச் 24 ஈஸ்டர். ஆனால் அட்டவணையில் அந்தப் பௌர்ணமி மார்ச் 21-க்கு முன்பே முடிந்துவிட்டது. அடுத்தது ஏப்ரல் 18, ஈஸ்டர் ஏப்ரல் 21. அந்த ஏப்ரல் 18 பெரிய வியாழன், மதுரையில் சித்திரைத் தேர், தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல், மூன்றும் ஒரே நாள். காலையில் விரலில் மையோடு வந்தவர்கள் மாலையில் அதே கையால் ஜெபப் புத்தகம் பிடித்தார்கள். சோதனைச் சாவடி தாண்டிய சொந்தக்காரர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை, கேரளத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 23.

அட்டவணையைப் பிடித்துத் தொங்குவானேன் என்று முன்பு நினைத்திருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வானத்துப் பௌர்ணமிக்கு ஊருக்கு ஊர் தேதி மாறும், டோக்கியோவில் வெள்ளியாக இருப்பது நியூயார்க்கில் வியாழன். அட்டவணை ஒன்று கையில் இருந்தால் மலையோரத்தில் தனியாக இருக்கும் குருவும் யாரையும் கேட்காமல் தேதியைச் சொல்லிவிடலாம்.

ஈஸ்டர் குறித்துவிட்டால் மற்றவை பின்னாலேயே வரும். 46 நாள் முன்னால் சாம்பல் புதன், 50-ஆம் நாள் பெந்தெகொஸ்தே. எதிர்வீட்டார் புதனுக்குக் காத்திருப்பதில்லை, இரண்டு நாள் முந்தித் திங்களன்றே நோன்பு தொடங்கிவிடுவார்கள். நாங்கள் ஞாயிறுகளைக் கழித்து நாற்பது நாள் என்போம், அவர்கள் சேர்த்து எண்ணுவதால் ஏறக்குறைய ஐம்பது நாள் வரும், ஐம்பது நோன்பு என்பார்கள். முடியும் நாள் ஒன்றே.

ஈஸ்டருக்கு மொத்தம் 35 தேதிகள்தான் உண்டு, மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை. மார்ச் 22-இல் கடைசியாக வந்தது 1818-இல், இனி 2285-இல்தான். ஏப்ரல் 25 கடைசியாக 1943-இல் வந்தது, அடுத்தது 2038.

2027-இன் பெரிய வியாழன் மார்ச் 25. பௌர்ணமி முடிந்து மூன்றாம் நாள், நிலா உதிக்க ஒன்பது மணி ஆகிவிடும். கோயிலுக்குப் போகும்போது டார்ச் எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது வேண்டாம்.